முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார்: மின்சார பிக்கப் வாங்கும் முன்

போன மாதம் மச்சான் கூப்பிட்டான். "அத்தான், ஒரு பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். கரண்ட்ல ஓடுறதாப் பாக்குறேன். எது நல்லது?"

அவன் வீடு ஹூஸ்டனை ஒட்டிய சுகர்லேண்டில். பின்புறம் கொஞ்சம் இடம் இருக்கிறது. முருங்கை, கத்தரி, வெண்டை, ஒரு பாகல் பந்தல். வாரக் கடைசியில் உரமூட்டை, மரத்தூள், பந்தலுக்குக் கட்டை என்று ஏதாவது ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். இதுவரை செடானின் பின் சீட்டை மடக்கிப் போட்டுச் சமாளித்துவிட்டான். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை கால்வெஸ்டன் பக்கம் தூண்டில் போடப் போவான். ஆபீசுக்குப் போக முப்பது மைல், வர முப்பது மைல். தேவை இவ்வளவுதான்.

கேள்வி சின்னது. எனக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் ஆனது. ஏனென்றால் அமெரிக்காவில் மின்சார பிக்கப் என்பது இப்போது நடுவழியில் நிற்கும் ஒரு கதை. கடைக்கு வந்தவற்றில் ஒன்று நின்றேவிட்டது. வரப்போகின்றவற்றில் சில, வந்தவற்றைவிட நல்லவை போலத் தெரிகின்றன. 2025 செப்டம்பர் 30-ஓடு மின்சார வண்டி வாங்குபவருக்குக் கிடைத்த 7,500 டாலர் மத்திய வரிச்சலுகையும் போய்விட்டது. இந்த நேரத்தில் எதை வாங்குவது என்பதோடு, இப்போது வாங்குவதா காத்திருப்பதா என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே சனிக்கிழமை காலைகளில் கார்ப் பிரியர்கள் கடைவாசல் பார்க்கிங்கில் வண்டிகளை நிறுத்திவிட்டு, காபி கோப்பையோடு நின்று பேசுவார்கள். நானும் பல வருஷமாகப் போகிறேன். மின்சார பிக்கப் என்று வாயைத் திறந்தால் கூட்டம் மூன்றாகப் பிரியும். எண்ணெய் வயலில் வேலை பார்ப்பவர் ஒருவர் பெரிய டீசல் டிரக்கில் சாய்ந்துகொண்டு, "டிரெய்லரை மாட்டினால் பாதி தூரம்கூடப் போகாது" என்பார். இளைஞர்கள் சிலர், "நூறு வருஷமாக ஒரே பெட்டி வடிவம், அதை மாற்ற ஒருவர் துணிந்தாரே" என்பார்கள். மூன்றாவது கட்சியில் ஒரு பெரியவர். தொண்ணூறுகளில் வாங்கிய சின்ன ஃபோர்டு ரேஞ்சரில் வருவார். "இந்த அளவில் ஒன்று ஏன் யாருமே செய்வதில்லை?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என் மனசு பெரியவர் பக்கம். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பிக்கப்பின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது, அதாவது இங்கே பெட் என்று சொல்லும் சுமைத்தொட்டியில். 1960-களின் ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்பில், மூக்கை விட்டுவிட்டுப் பார்த்தால், நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெட், மீதி கேபின். இன்றைய நாலு கதவு வண்டியில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். வண்டி வளர வளரச் சுமைத்தொட்டி சுருங்கியது. நம் ஊர் டாடா ஏஸை நினைத்துப் பாருங்கள். மொத்த நீளம் பன்னிரண்டரை அடி, அதில் ஏழு அடி தொட்டி. இங்கே பத்தொன்பது அடிக்கு மேல் நீளமுள்ள வண்டியில் ஐந்தரை அடி பெட்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1964-ல் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்ட கோபத்தில், வெளிநாட்டு இலகு டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்துவிட்டது, வரி முடியவில்லை. வெளிநாட்டுச் சின்ன பிக்கப்புகள் இங்கே வராமல் போனதற்கு அது பெரிய காரணம். அப்புறம், எரிபொருள் சிக்கன விதிகளை வண்டியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்துக் கணக்கிட ஆரம்பித்தார்கள். வண்டி பெரிதானால் விதி தளரும். கம்பெனிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் வந்தபோது இதைத் திருத்த ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. முன்னால் இன்ஜின் கிடையாது, பெரிய ரேடியேட்டர் கிடையாது. மூக்கைத் தாழ்த்தலாம், குறுக்கலாம், மிச்சமான நீளத்தை பெட்டுக்குக் கொடுக்கலாம். பெரும்பாலோர் செய்யவில்லை. சுவர்போல நிமிர்ந்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டிகள் நடந்து செல்பவர்மேல் மோதினால், தாழ்ந்து சரிந்த முகமுள்ள வண்டிகளைவிட உயிர்ச்சேதம் உண்டாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். மச்சானுக்கு ஐந்து வயதுப் பெண் இருக்கிறாள். டிரைவ்வேயில் சைக்கிள் ஓட்டுவாள். அவள் தலை இந்த முகங்களுக்குக் கீழேதான் இருக்கும்.

சரி, இனி வண்டிகளுக்கு வருகிறேன்.

முதலில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 2021 மே மாதம் காட்டினார்கள், 2022 ஏப்ரலில் மிஷிகன் மாநிலம் டியர்பார்னில் தயாரிப்பு தொடங்கியது. தோற்றத்தில் புதுமை எதுவும் இல்லை. பெட்ரோல் வண்டியின் உடம்பு, ஐந்தரை அடி பெட். சனிக்கிழமைக் கூட்டத்து இளைஞர்கள் அதைத்தான் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் பெட் மூடி, ஏணிச்சட்டம், ரப்பர் விரிப்பு எல்லாம் கிடைக்கும், பெரும்பாலான பட்டறைகளுக்கும் பழகிய உடம்பு. இன்ஜின் இருந்த இடத்தில் 14 கன அடி முன் டிக்கி. பானெட்டோடு கிரில்லும் சேர்ந்து தூக்கிக்கொள்வதால், மளிகைப் பையை இடுப்பு உயரத்திலேயே உள்ளே வைத்துவிடலாம். 400 பவுண்டு தாங்கும்.

ஹூஸ்டன்காரர்களுக்கு லைட்னிங் பிடிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸில் பரவலாக மின்சாரம் போய், வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் இருபது லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை. அந்தப் புழுக்கத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் ஃபேன் சுற்றியது. வாசலில் லைட்னிங் நின்றது. பெட்டின் பக்கச்சுவரில் இருந்த பிளக்கிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று ஜன்னல் வழியே உள்ளே போனது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் இன்சுலினையும், இரண்டு வீட்டுக் குழந்தைகளின் பாலையும் அந்த வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார்கள். ஒரு ஃபிரிட்ஜ் நாளைக்கு ஒன்றிரண்டு யூனிட் எடுக்கும். லைட்னிங்கின் சின்ன பேட்டரியே 98 யூனிட். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் 2025 டிசம்பரில் இந்த லைட்னிங்கின் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்துவிட்டது. அடுத்து வருவதில் பேட்டரிக்குத் துணையாகப் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்குமாம். எனவே இது இனி பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையில் வாங்க வேண்டிய பொருள். மின்சார வண்டிகளின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கியிருப்பதால், வாங்குபவருக்கு அதில் லாபம்தான். பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பெட் சுவரில் 240 வோல்ட் பிளக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அது 9.6 கிலோவாட் வெளியே கொடுக்கும் வண்டி. இல்லாவிட்டால் 2.4 கிலோவாட்தான். புயல் நாளில் இந்த வித்தியாசம் பெரிது. குறை என்றால் நீண்ட பயணத்தில் சார்ஜ் ஏறும் வேகம் நிதானம்தான். பெரிய பேட்டரியில் ஒரு சார்ஜுக்கு 320 மைல், சின்னதில் 230 முதல் 240 மைல்.

அடுத்தது டெஸ்லா சைபர்டிரக். நான் நின்று நிதானித்துப் பேச விரும்புவது இதைப்பற்றித்தான், ஏனென்றால் கூட்டத்தில் அதிகச் சத்தம் இதற்குத்தான். 2019 நவம்பரில் காட்டியபோது விலை 39,900 டாலரில் தொடங்கும் என்றார்கள், உயர்ந்த வகை 500 மைல் வரை போகும் என்றார்கள். மேடையில் இரும்புக் குண்டை எறிந்தபோது கண்ணாடி விரிசல் விட்டதை உலகமே பார்த்தது. 2023 நவம்பர் 30-ல் ஆஸ்டினில் முதல் வண்டிகளைக் கொடுத்தபோது விலையும் தூரமும் வேறாகிவிட்டன. நாலு சக்கர இயக்க வண்டி ஏறக்குறைய 80,000 டாலர், தூரம் 340 மைல்.

இருந்தாலும் இதன் பொறியியலைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு கிடையாது, ஒயர் மட்டும்தான். பின்சக்கரமும் திரும்புவதால் இவ்வளவு பெரிய வண்டி சின்ன கார்போல வளைகிறது. கார் உலகம் பல பத்தாண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருந்த 12 வோல்ட் மின்சுற்றை விட்டு 48 வோல்ட்டுக்கு மாறினார்கள். ஒயர்கள் மெலிந்தன, எடை குறைந்தது. மற்ற கம்பெனிகள் இதை எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

வடிவத்தில்தான் எனக்கு மனவருத்தம். கூரையின் உச்சியிலிருந்து பின்னால் சரிந்து இறங்கும் அந்தப் பக்கச்சுவர் பார்க்கக் கம்பீரம். ஒரு நாள் கடைவாசலில் நண்பர் ஒருவரின் சைபர்டிரக்கில் உரமூட்டை ஏற்ற உதவினேன். ஒவ்வொன்றும் 40 பவுண்டு. சாதாரண பிக்கப்பில் பக்கவாட்டில் நின்றபடியே மூட்டையைச் சுவர்மேல் வைத்து உருட்டிவிடலாம். இதில் கேபினை ஒட்டிய இடத்தில் சுவர் என் தோளுக்கு மேல் இருந்தது. பின்பக்கம் போய், டெயில்கேட் என்ற இறக்கிவிடும் பின்கதவில் ஏறி, குனிந்தபடி ஒவ்வொரு மூட்டையாக முன்னால் தள்ளினோம். எட்டு மூட்டைக்கு முதுகு பிடித்துவிட்டது. இறக்கும்போதும் அதே கதை. தானாக இழுத்து மூடும் பெட் மூடி அருமை, மழையிலும் திருட்டிலும் பயமில்லை. ஆனால் மூடினால் உள்கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது, கேமராவை நம்பித்தான் ஓட்ட வேண்டும். 2025 மார்ச்சில் கூரையோரத்து எஃகுப் பட்டை பிசின் விட்டுக் கழன்று விழக்கூடும் என்று 46,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆறு அடி பெட், 11,000 பவுண்டு இழுக்கும் திறன் என்று காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் முகத்துக்கும் கூரைக்கும் யோசித்த அளவுக்கு, மூட்டை தூக்குகிறவனின் கையை யோசிக்கவில்லை.

ரிவியன் ஆர்1டி இதற்கு நேர் எதிர். இல்லினாய் மாநிலம் நார்மல் என்ற ஊரில், முன்பு மிட்சுபிஷி வைத்திருந்த ஆலையில் செய்கிறார்கள். 2021 செப்டம்பரிலேயே வாடிக்கையாளர் கைக்கு வந்துவிட்டது. நீளம் பதினெட்டு அடிதான். பெட் நாலரை அடி, அது நிச்சயம் குறைவு. ஆனால் கேபினுக்கும் பெட்டுக்கும் நடுவே வண்டியின் குறுக்கே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரு சுரங்கம் விட்டிருக்கிறார்கள். தூண்டில், குடை, மடக்கு நாற்காலி, ஈரச் செருப்பு எல்லாம் அதற்குள். அதன் கதவைத் திறந்து போட்டால் உட்காரும் திண்ணை. இன்ஜினும் புகைக்குழாயும் இல்லாத வண்டியில்தான் இப்படி ஓர் இடம் கிடைக்கும். மின்சாரத்தால் கிடைத்த இடத்தை உண்மையாக யோசித்துப் பயன்படுத்தியவர்கள் இவர்கள் என்பது என் கருத்து. கூட்டத்தில் டீசல்காரர்கூட அந்தச் சுரங்கத்தை எட்டிப்பார்த்துத் தலையாட்டினார்.

விலைதான் இடிக்கிறது, 70,000 டாலருக்கு மேல். அதோடு பின்பக்கத் தகடு தனித்துண்டாக இல்லாமல் கேபின் கூரை வழியாக முன்கண்ணாடி வரை ஒன்றாக ஓடுகிறது. பின்னால் லேசாக இடிபட்டாலும் வேலை அதிகம். 2023-ல் ஒருவருக்கு அப்படி 42,000 டாலர் பில் வந்த செய்தி பரவலாகப் பேசப்பட்டது. காப்பீட்டுத் தொகையை விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

டீசல்காரருக்கு ஏதாவது மின்சார வண்டி ஒத்துவரும் என்றால் அது செவர்லே சில்வராடோ இவி. பேட்டரி 200 யூனிட்டுக்கு மேல், 2025-ல் வந்த நெடுந்தூர வகை 492 மைல் ஓடும். டிரெய்லரால் பாதி போனாலும் மீதி இருக்கும். கேபினின் பின்சுவரை மடக்கினால் பெட் உள்ளே நீண்டு, டெயில்கேட்டோடு சேர்த்து பத்தடி பத்து அங்குல நீளப் பொருளை வைக்கலாம். எல்லா வகையிலும் இந்த வசதி கிடையாது, கேட்டு வாங்க வேண்டும். எடை 8,500 பவுண்டை ஒட்டி வரும். தினம் அறுபது மைல் ஓட்டுகிற மச்சானுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. வீட்டு சார்ஜரில் காலியிலிருந்து நிரப்ப 18 மணி நேரம்கூட ஆகலாம்.

டிரெய்லர் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. நண்பர் ஒருவரின் மின்சார டிரக்கில் மூடிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு சான் அன்டோனியோ போனோம். இருநூறு மைல். வழியில் சார்ஜ் போட ஒதுங்கினால், கார் நிறுத்தும் கட்டங்களைப் போலவே சார்ஜர் கட்டங்களும் முட்டுச்சந்தாக இருந்தன. டிரெய்லரோடு நுழைந்தால் நாலு இடத்தை மறிப்போம். ஓர் ஓரமாக டிரெய்லரைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சார்ஜ் ஏற்றி, திரும்ப வந்து மாட்டினோம். மாட்டிக் கழற்றியதற்கே அரை மணி நேரம். அடிக்கடி இழுப்பவர்கள் ஜெனரேட்டர் வைத்த வகைக்குக் காத்திருப்பதில் தப்பே இல்லை. முழு மின்சார பிக்கப் திட்டத்தைக் கைவிட்ட ராம் கம்பெனி அந்த வழிக்குத்தான் போயிருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் ஸ்கவுட் டெர்ராவிலும் அந்த வகை உண்டு. பழைய ஸ்கவுட்டின் நேர்கோட்டு உடம்பும் கையால் திருகும் பித்தான்களும் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் அது இன்னும் கடைக்கு வரவில்லை.

இனி ரேஞ்சர் பெரியவரின் கேள்விக்கான பதில்கள். இவைதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தவை.

2025 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஸ்லேட் என்ற வண்டியைக் காட்டினார்கள். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் பணம் போட்டிருக்கிறார். இரண்டு கதவு, இரண்டு சீட், ஐந்தடி பெட், மொத்த நீளம் பதினான்கரை அடி. பெயின்ட் கிடையாது, சாம்பல் நிற பிளாஸ்டிக் உடம்பு. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். திரை இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. பின்னால் வேண்டுமென்றால் கூரையும் சீட்டும் வாங்கிப் பொருத்தி ஐந்து பேர் வண்டியாக்கிக்கொள்ளலாம். சின்ன பேட்டரியில் 150 மைல், பெரியதில் 240 மைல் என்கிறார்கள். வரிச்சலுகை இருந்தபோது 20,000-க்குக் கீழே என்றார்கள், இப்போது 25,000 டாலரை ஒட்டி. இழுக்கும் திறன் 1,000 பவுண்டுதான். இண்டியானா மாநிலத்து வார்சாவில் ஆலை, 2026 கடைசியில் வரும் என்பது திட்டம். பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே 50 டாலர் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டார்.

இன்னொன்று டெலோ. கலிஃபோர்னியாவின் சான் கார்லோஸில் ஒரு சின்னக் கம்பெனி. மினி கூப்பர் நீளத்துக்குள், அதாவது 152 அங்குலத்துக்குள், ஐந்து சீட்டும் ஐந்தடி பெட்டும் அடக்கியிருக்கிறார்கள். மூக்கே கிடையாது என்று சொல்லலாம். டாடா ஏஸைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. நாற்பதாயிரம் டாலருக்கு மேல் விலை சொல்கிறார்கள். சின்னக் கம்பெனி, எத்தனை வண்டி வெளியே வரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

மச்சானுக்கு நான் அதிகம் எதிர்பார்ப்பது ஃபோர்டின் அடுத்த வண்டி. 2025 ஆகஸ்டில் லூயிவில் நகரில் ஃபோர்டின் தலைமை அதிகாரி ஜிம் ஃபார்லி அறிவித்தது. நாலு கதவு, நடுத்தர அளவு, 30,000 டாலரை ஒட்டிய தொடக்க விலை, 2027-ல் வரவு. மலிவான இரும்பு பாஸ்பேட் பேட்டரி, மிஷிகனில் செய்கிறார்கள். வண்டியை மூன்று பகுதியாகத் தனித்தனியே கட்டிக் கடைசியில் சேர்க்கும் புதிய ஆலைமுறை. டொயோட்டா ராவ்4-ஐவிட உட்கார இடம் அதிகம், பெட்டும் முன் டிக்கியும் அதுபோக என்கிறார்கள். சொன்ன விலையில், சொன்ன நேரத்தில் வந்தால், ஐந்து வயதுப் பெண் இருக்கிற வீட்டுக்கு ஏற்ற அளவு இதுதான். ஸ்லேட்டின் இரண்டு சீட் அவனுக்குப் போதாது.

ஆகவே நான் அவனிடம் சொன்னது இது. செடான் இன்னும் ஒன்றரை வருஷம் தாங்கும் என்றால் காத்திரு, உரமூட்டைக்குக் கடையில் டிரக்கை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். புயல் காலத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு வண்டி நிற்க வேண்டும் என்றால், பழைய லைட்னிங், 240 வோல்ட் பிளக் உள்ளது. தினம் அறுபது மைலுக்குச் சின்ன பேட்டரியே தாராளம். கையில் பணம் புரண்டு, மாதம் இரண்டு தடவை கடலுக்குப் போகிறவனாக இருந்திருந்தால் ரிவியன் என்றிருப்பேன். சைபர்டிரக்கை ஒரு தடவை ஓட்டிப்பார், ஆனால் அன்றைக்கு எட்டு மூட்டை ஏற்றியும் பார்.

அவன் யோசித்துவிட்டு, "கராஜ்ல நிக்குமா அத்தான்?" என்றான். நல்ல கேள்வி, நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். போய் அளந்தோம். சுவரிலிருந்து கதவு வரை இருபது அடி. லைட்னிங் பத்தொன்பது அடி ஐந்து அங்குலம். மிச்சம் ஏழு அங்குலம். பின்சுவரில் இருந்த அலமாரியைக் கழற்றி, பெண்ணின் சைக்கிளைப் பக்கவாட்டில் மாட்டினால்தான் நிற்கும். அலமாரியை அன்றைக்கே கழற்றிவிட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு 2023 லைட்னிங்கைப் பார்க்கப் போகிறோம். அளவுநாடாவையும், பிளக்கில் போட்டுப் பார்க்க ஒரு டேபிள் ஃபேனையும் எடுத்து வைத்திருக்கிறேன்.